இரத்தக் குழாய்ச் சிகிச்சையில் ரோபோ: தூரமும் செலவும்

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி திடீரென அடைபடுமாயின், அவ்வடைப்பு எவ்வளவு விரைவில் நீக்கப்படுகிறதோ அவ்வளவு தசை பிழைக்கும். நோயாளி மருத்துவ உதவியை முதன்முதலாக எட்டிய நேரத்திலிருந்து 90 நிமிடங்களுக்குள் தமனி திறக்கப்பட வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தால் 120 நிமிடங்களுக்குள்ளாவது திறக்கப்பட வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நியதியாகும். பெருநகரங்களிலேயே இந்நியதியை நிறைவேற்றுவது எளிதன்று. மாநிலத் தலைநகரிலிருந்து 200 கி.மீ. தள்ளி வாழும் ஒரு விவசாயிக்கோ இது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடுகிறது. சிகிச்சைக்கூடங்களும் அவற்றில் பணிபுரியும் நிபுணர்களும் நகரங்களிலேயே குவிந்திருப்பதே இதற்குக் காரணம்.

மருத்துவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்புவது எவ்வாறு என்பது ஐந்தாண்டுத் திட்டங்களின் காலம் முழுவதும் விவாதிக்கப்பட்டு வந்த பிரச்சினை. கட்டாயப் பணி, கூடுதல் படி, மேற்படிப்பில் சலுகை எனப் பல வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. இவை ஓரளவே பலன் தந்தன. இந்நிலையில், மருத்துவரை அனுப்ப இயலாவிடினும் அவரது கையின் திறமையை மட்டும் கம்பிவழி அனுப்ப இயலுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்துள்ளது. இரத்தக் குழாய்ச் சிகிச்சையில் பயன்படும் ரோபோ இக்கேள்விக்கு விடை எனச் சிலர் கருதுகின்றனர். அது எந்த அளவுக்கு விடையாகும் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கை செய்துவந்த வேலை

1929-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தம் கையிலுள்ள சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அது தம் இருதயத்தை எட்டியதை எக்ஸ்-கதிர்ப் படத்தால் மெய்ப்பித்தார். அன்று கண்டனத்திற்குள்ளான அச்செயலுக்காக 1956-இல் வேறு இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சார்லஸ் டாட்டர், காலில் குறுகிப்போன தமனியைக் குழாய்கொண்டே விரித்தார். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் இருதயத் தமனிக்குள் சிறு பலூனைச் செலுத்தி விரித்துக் காட்டினார். விரித்த இடம் மீண்டும் மூடிக்கொள்ளாதிருக்க உதவும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் 1986-இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதன்முதலாக மனிதர்களுக்குப் பொருத்தப்பட்டது.

இவ்வளர்ச்சியில் குழாயும் பலூனும் ஸ்டென்டும் எக்ஸ்-கதிர்க் கருவியும் வெகுவாகச் செம்மையடைந்தன. ஆனால் அவற்றைக் கையாளும் முறை ஏறத்தாழ அப்படியே நின்றது. மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ உள்ள தமனியில் துளையிட்டு, கதீட்டர் எனப்படும் குழாயை இருதயத் தமனியின் வாய்வரை கொண்டு செல்கிறார் மருத்துவர். அதனுள்ளே சுமார் 0.36 மி.மீ. தடிப்புள்ள வழிகாட்டுக் கம்பி செல்கிறது. இருதயத் தமனிகளின் உள்விட்டம் பெரும்பாலும் 2 முதல் 4 மி.மீ. வரையே. கம்பியின் நுனி சற்று வளைந்திருக்கும். வெளிமுனையை விரல்களால் திருகினால் உள்நுனி திரும்பும். மெல்லத் தள்ளினால் கிளைத் தமனிக்குள் நுழையும். அடைப்பைக் கடந்தபின் அக்கம்பியின்மேல் பலூனும் ஸ்டென்டும் வழுக்கிச் செல்கின்றன. தள்ளுதல், இழுத்தல், திருகுதல் ஆகிய மூன்றே இவ்வேலையின் அடிப்படை அசைவுகள்.

அசைவுகள் மூன்றே என்பதனால்தான் இவ்வேலையை எந்திரத்திடம் ஒப்படைக்க முடிந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ரஃபேல் பேயார் என்ற இருதய மருத்துவரும் பொறியாளர்களும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்முயற்சியைத் தொடங்கினர். அதிலிருந்து தோன்றிய கோரிண்டஸ் நிறுவனத்தின் கோர்பாத் என்னும் கருவிக்கு 2012-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. கம்பி, பலூன் ஆகியவற்றுடன் கதீட்டரையும் எந்திரமே நகர்த்தும் வகையில் அமைந்த அடுத்த வடிவம் 2016-இல் அனுமதி பெற்றது. பிரான்சின் ரூவான் நகரிலுள்ள ரோபோகாத் நிறுவனத்தின் கருவி 2019-இல் ஐரோப்பிய அனுமதியைப் பெற்றது.

ரோபோ என்றவுடன் தானே சிந்தித்துச் செயல்படும் எந்திர மனிதன் பலருக்கு நினைவுக்கு வரலாம். இக்கருவி அத்தகையது அன்று. நோயாளியின் கட்டிலோடு பிணைக்கப்பட்ட ஓர் எந்திரக் கை. அதன் நுனியில், ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட வேண்டிய ஒரு பெட்டி. அப்பெட்டிக்குள் கம்பியையும் குழாயையும் பற்றி உருட்டும் சிறு உருளைகள். அறையின் மூலையில், ஈயத் தடுப்புக்குப் பின்னால், மருத்துவர் நாற்காலியில் அமர்ந்து திரையைப் பார்த்தவாறு சிறு பிடிகளை இயக்குகிறார். அவர் கை அசைத்தால் எந்திரம் அசையும். அவர் நிறுத்தினால் நிற்கும். ஒரு மி.மீ. அளவுக்குக் கூடக் கணக்காக நகர்த்த முடிவதால் அடைப்பின் நீளத்தை அளந்து பொருத்தமான ஸ்டென்டைத் தெரிவு செய்வதற்கு இது துணைபுரிகிறது. மறுபுறம், கம்பி சுவரில் முட்டும்போது விரல்நுனியில் உணரப்படும் தடை, இக்கருவியில் மருத்துவரை எட்டுவதில்லை. அனுபவம் மிக்கவர்கள் அவ்வுணர்வை எவ்வளவு நம்பியிருந்தனர் என்பது அதை இழந்தபோதுதான் புலப்பட்டது எனலாம்.

முதற்பயன் யாருக்கு?

இக்கருவியின் பயனைக் கூறும் கட்டுரைகள் பலவும் நோயாளியிலிருந்து தொடங்குகின்றன. உண்மையில் இதுவரை ஐயமின்றி நிறுவப்பட்ட பயன் மருத்துவருக்கே உரியது.

சிகிச்சை நடைபெறும் நேரமெல்லாம் எக்ஸ்-கதிர் பாய்ந்துகொண்டிருக்கிறது. அக்கதிர் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி அருகில் நிற்பவர்மீது விழுகிறது. நாள்தோறும் சிறிது சிறிதாக, இருபது முப்பது ஆண்டுகள் இது தொடர்கிறது. ஈய மேலங்கி மார்பையும் வயிற்றையும் காக்கும்; தலை, கண், கை ஆகியவை அவ்வளவாகக் காக்கப்படுவதில்லை. பல கிலோ எடையுள்ள அம்மேலங்கியை மணிக்கணக்கில் சுமந்து நிற்பதால் முதுகெலும்பும் கழுத்தும் பாதிக்கப்படுகின்றன. கண் வில்லையில் கதிரால் உண்டாகும் மங்கல் இத்துறை மருத்துவர்களிடமும் செவிலியரிடமும் காணப்பட்டதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டின. கண்ணுக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20-ஆகக் குறைக்குமாறு பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு 2011-இல் பரிந்துரைத்தது. மூளைக் கட்டி கண்ட 31 மருத்துவர்களைப் பற்றி 2013-இல் வெளியான ஒரு தொகுப்பில், கட்டி எப்பக்கம் என்று தெரிந்த 26 பேரில் 22 பேருக்கு அது இடப்பக்கத்தில் இருந்தது. மருத்துவர் நிற்கும் நிலையில் எக்ஸ்-கதிருக்கு அருகாமையில் இருப்பது தலையின் இடப்பக்கமே. எனினும் இத்தகைய தொகுப்பு ஐயத்தை எழுப்புமேயன்றிக் காரணத்தை நிறுவாது என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

ரோபோவைக் கொண்டு ஒன்பது மருத்துவமனைகளில் 164 நோயாளிகளுக்குச் செய்யப்பட்ட சிகிச்சையின் முடிவுகள் 2013-இல் வெளியாயின. அவர்களுள் 162 பேருக்குக் கைமுறைக்கு மாறாமலேயே எந்திரம் வேலையை முடித்தது. கட்டிலருகே பதிவான கதிரோடு ஒப்பிடும்போது, மருத்துவர் அமர்ந்திருந்த இடத்தில் பதிவான கதிர் 95.2 சதவீதம் குறைவு. ஆனால் இது ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு. எளிய அடைப்புகளே பெரும்பாலும் தெரிவு செய்யப்பட்டன. கைமுறையைவிட ரோபோ முறையில் நோயாளிகள் கூடுதலாகப் பிழைக்கின்றனர் என்பதைப் பெரிய அளவிலான சமவாய்ப்பு ஆய்வு எதுவும் இதுவரை நிறுவியதில்லை.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கதிர் குறைந்தது மருத்துவருக்கு; அறையிலுள்ள அனைவருக்கும் அன்று. பெட்டியில் கம்பியை ஏற்றுபவரும், குழாயை மாற்றுபவரும், நோயாளியின் நாடியைக் கவனிப்பவரும் கட்டிலைச் சுற்றியே இருக்கின்றனர். அவர்கள் செவிலியரும் தொழில்நுட்ப உதவியாளரும் ஆவர். நிபுணர் தடுப்புக்குப் பின்னால் சென்றபின், அவர் முன்பு செய்துவந்த சில வேலைகளும் இவர்கள் கைக்கு வருகின்றன. ஊதியத்தில் குறைந்தவரிடம் இடர் தங்கிவிடும் நிலை இது. கூட்டத்தைச் சரியாக ஒழுங்குபடுத்தினால், அதாவது கதிர் பாயும் நேரத்தில் அனைவரும் தடுப்புக்குப் பின்னால் சென்றுவிட்டால், இது தவிர்க்கக்கூடியதே. ஆயினும் அது எந்திரத்தின் குணமன்று; நிர்வாகத்தின் பொறுப்பு.

மலிவான வழிகள் இருக்கின்றன என்பதையும் மறப்பதற்கில்லை. கதிர்மூலத்திலிருந்து அரை மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு விலகினால் அவர்மீது விழும் கதிர் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகும். கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடி, கட்டிலின் பக்கவாட்டில் தொங்கவிடும் ஈயத் திரை, விநாடிக்கு 15 படங்களுக்குப் பதிலாக 7.5 படங்கள் எடுப்பது ஆகியவை ஒவ்வொன்றும் கணிசமாகக் கதிரைக் குறைப்பவை. நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்காற்று வாரியத்தின் விதிப்படி கதிர்ப்பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. அதை அளக்க டி.எல்.டி. பட்டை வழங்கப்படுகிறது. வரம்பை நெருங்கினால் பணியிலிருந்து விலக்கப்படுவோமோ என அஞ்சிப் பட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குச் செல்பவர்களும் உண்டு. பட்டையை அணியச் செய்யாத ஒரு நிறுவனம், கதிரைக் குறைப்பதற்கென்று கோடிக்கணக்கில் எந்திரம் வாங்குவது பொருத்தமான வரிசையன்று.

முப்பத்திரண்டு கிலோமீட்டர்

2018 டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி உலகின் கவனத்தை ஈர்த்தது. அகமதாபாத்திலுள்ள ஏபெக்ஸ் இருதய நிலையத்தின் மருத்துவர் தேஜஸ் படேல், காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில் அமர்ந்துகொண்டு, சுமார் 32 கி.மீ. தொலைவில் தம் மருத்துவமனையில் படுத்திருந்த ஐந்து நோயாளிகளுக்கு ரோபோவின் மூலம் ஸ்டென்ட் பொருத்தினார். ஐவருக்கும் சிகிச்சை இடையூறின்றி முடிந்தது. அதுவரை ரோபோவை இயக்குபவர் அதே கட்டடத்திற்குள் இருந்தார்; கட்டடத்தைக் கடந்து மனிதருக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டது இதுவே முதல் முறை.

இந்நிகழ்ச்சி எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்பதைப் பிரித்தறிவது அவசியம். கட்டளை சென்று சேரும் காலதாமதம் பெரிய தடையன்று என்பதை அது நிறுவியது. அங்கு ஏற்பட்ட தாமதம் சராசரியாக ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. ஒளியிழையில் ஒளி ஒரு விநாடியில் சுமார் 2 இலட்சம் கி.மீ. செல்வதால், 1,000 கி.மீ. தொலைவுக்குக் கூட ஒருவழிப் பயணம் 5 மில்லிவிநாடியே. ஆகவே தூரத்தைவிட இணைப்பின் தொடர்ச்சியே கவலைக்குரியது. பாதியில் இணைப்பு அறுந்தால் கம்பி தமனிக்குள்ளேயே நிற்கும்.

அந்த ஐந்து பேரும் மாரடைப்பு ஏற்பட்ட நிலையில் கொண்டுவரப்பட்டவர்கள் அல்லர். முன்கூட்டியே நாள் குறிக்கப்பட்டு, எளிய அடைப்பு உள்ளவர்களாகப் பார்த்துத் தெரிவு செய்யப்பட்டவர்கள். தமனியில் துளையிட்டதும், கதீட்டரை அதன் இடத்தில் அமர்த்தியதும் அகமதாபாத்தில் கட்டிலருகே இருந்த குழுவினர். ஏதேனும் நேர்ந்தால் உடனே கைமுறையில் தொடர்வதற்கு அங்கே தேர்ந்த நிபுணர்கள் காத்திருந்தனர். அது வேண்டிய முன்னெச்சரிக்கையே, குறை கூறுவதற்கில்லை. ஆனால் இதே முன்னெச்சரிக்கையே திட்டமிடுவோருக்கு ஒரு முரண்பாட்டை எடுத்துக்காட்டுகிறது. சிகிச்சையின்போது தமனி கிழிந்து இருதய உறைக்குள் இரத்தம் தேங்கினால், சில நிமிடங்களில் ஊசி செலுத்தி அதை வடிக்கக்கூடியவர் கட்டிலருகே இருந்தே தீர வேண்டும். அத்தகைய நிபுணர் சிற்றூரில் இருப்பாராயின் ஸ்டென்டையும் அவரே பொருத்திவிடலாம்; தொலைவிலிருந்து இயக்கும் ரோபோ தேவையில்லை. அத்தகையவர் இல்லையெனில் ரோபோவை இயக்குவது பாதுகாப்பன்று.

இம்முரண்பாட்டுக்கு இடையே ஒரு குறுகிய வழி உண்டு. துளையிடவும், ஆஞ்சியோகிராம் எடுக்கவும், அவசர நிலையைச் சமாளிக்கவும் பயிற்சி பெற்ற ஒருவர் உள்ள ஊர்; ஆனால் நுட்பமான சிகிச்சையை இரவும் பகலும் செய்யப் போதிய நிபுணர்கள் இல்லாத ஊர். இத்தகைய நடுநிலை மையங்களுக்கே தொலைவிலிருந்து இயக்கும் ரோபோ உண்மையில் உதவும். கதீட்டர்க் கூடமே இல்லாத மாவட்ட மருத்துவமனைக்கு அது எவ்விதத்திலும் உதவாது.

மூளைத் தமனி அடைப்பில் இவ்வழி இன்னும் அகலமானது. அடைத்த கட்டியைக் குழாய் வழியே இழுத்தெடுக்கும் சிகிச்சையின் பயன் 2015-இல் வெளியான பல ஆய்வுகளால் உறுதிப்பட்டது. ஆனால் அதைச் செய்ய வல்லவர்கள் இருதய நிபுணர்களைவிட மிகக் குறைவு. அடைபட்ட ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது ஒரு மதிப்பீடு. 2019 நவம்பரில் கனடாவின் டொரான்டோ வெஸ்டர்ன் மருத்துவமனையில் மூளைத் தமனியின் வீக்கம் ஒன்று முதன்முதலாக ரோபோவின் துணையோடு சரிசெய்யப்பட்டது. மருத்துவர் அதே மருத்துவமனையில்தான் இருந்தார். ஊர் விட்டு ஊர் இச்சிகிச்சை வழக்கமாவதற்கு இன்னும் பல படிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. எனினும் பொதுப்பணத்தில் ஆராய்ச்சிக்கு முன்னுரிமை தரவேண்டிய இடம் எதுவெனக் கேட்டால் இதனையே சுட்டலாம்.

எந்திரமின்றித் தூரத்தைக் குறைத்த ஒரு முயற்சியையும் இங்கே நோக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை மாரடைப்பு நோயாளிகள் 2,420 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சிறு மருத்துவமனைகளும் ஆம்புலன்சுகளும் நான்கு மைய மருத்துவமனைகளோடு இணைக்கப்பட்டன. இருதய மின்வரைபடம் தொலைவிலிருந்தே பார்க்கப்பட்டது. தேவையானவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து அருகிலேயே செலுத்தப்பட்டு, பின்னர் அவர்கள் மைய மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். 2017-இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. அங்கே வாங்கப்பட்டவை எளிய கருவிகளே. யார் யாரை அழைப்பது, எந்த வண்டி எங்கே செல்வது என்ற ஒழுங்குமுறையே பெரும்பகுதி வேலையைச் செய்தது. ரோபோவைத் தொலைவிலிருந்து இயக்கும் திட்டத்திற்கும் இதே ஒழுங்குமுறை முன்தேவை என்பதால், இது ரோபோவுக்கு மாற்று என்பதைவிட அதன் அடித்தளம் என்பதே சரி.

கணக்கு

பொருளாதார நோக்கில் இக்கருவியின் செலவு இரு பகுதிகளாக நிற்கிறது. கருவியின் விலையும் ஆண்டுப் பராமரிப்பும் நிலையான செலவு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒருமுறை பயன்படும் பெட்டி மாறும் செலவு.

கணக்கை விளக்குவதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். கருவியின் விலை 5 கோடி ரூபாய், ஆயுள் 8 ஆண்டு, பராமரிப்பு ஆண்டுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு என வைத்துக்கொள்ளலாம். அப்போது ஆண்டுச் செலவு 62.5 இலட்சமும் 50 இலட்சமும் சேர்ந்து 112.5 இலட்ச ரூபாய். ஆண்டுக்கு 1,000 பேருக்குச் சிகிச்சை செய்யும் நகர மருத்துவமனையில் இது தலைக்கு 11,250 ரூபாயாகும். 300 பேருக்கே செய்யும் சிறு மையத்தில் 37,500 ரூபாயாகும். வட்டியும் பெட்டியின் விலையும் இதில் சேரவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, மருந்து பூசிய ஸ்டென்டின் உச்ச விலையைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாயாக நிர்ணயித்தது. மருந்து பூசாத ஸ்டென்டுக்கு அது 7,260 ரூபாய். அதற்கு முன்பு நோயாளிகள் இதைப் போலப் பல மடங்கு கொடுத்து வந்தனர். ஸ்டென்டின் விலையை அரசு போராடிக் குறைத்த தொகையை எந்திரத்தின் வாடகையாகத் திருப்பிக் கொடுக்கும் நிலை உருவாகலாகாது.

இக்கணக்கிலுள்ள முரணும் கவனிக்கத்தக்கது. தலைக்கு ஆகும் செலவு குறையும் இடம், நிபுணர்கள் ஏற்கெனவே நிறைந்துள்ள பெருநகரம். தேவை மிகுந்த இடமோ செலவு மிகுந்த இடமாகிறது. சந்தையின் போக்கிலேயே விட்டால் கருவி எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்ச ரூபாய் வரை காப்பீடு அளிக்கிறது. இருதயத் தமனிச் சிகிச்சையும் அதில் அடங்கும். நோயாளிக்குக் கூடுதல் பயன் நிறுவப்படாத வரையில், ரோபோவுக்கெனத் தனிக் கட்டணத்தை அத்தொகையிலிருந்து கழிப்பது அக்குடும்பத்தின் அடுத்த நோய்க்குரிய பணத்தைக் கழிப்பதாகும். மருத்துவரின் பாதுகாப்புக்காக வாங்குவதானால், அதனைப் பணியிடப் பாதுகாப்புச் செலவாக மருத்துவமனையின் கணக்கில் எழுதுவதே நேர்மையான முறை.

விலையைவிட ஆழமான மற்றோர் இடர் உண்டு. கோரிண்டஸ் நிறுவனத்தை 2019-இல் சீமன்ஸ் ஹெல்தினியர்ஸ் 110 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. மருத்துவக் கருவித் துறையின் மாபெரும் நிறுவனம் ஒன்று பொறுப்பேற்றதால் இக்கருவியின் எதிர்காலம் உறுதியாயிற்று என்றே பலரும் எண்ணினர். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு விற்பனை வளரவில்லை. 2023-இல் அந்நிறுவனம் இருதயத் தமனிச் சிகிச்சைக்கான ரோபோ வணிகத்திலிருந்து விலகி, மூளைத் தமனிச் சிகிச்சையில் மட்டும் கவனம் செலுத்தப்போவதாக அறிவித்தது. கை கால், வயிற்றுப் பகுதித் தமனிகளுக்கென ஹான்சன் நிறுவனம் உருவாக்கி 2012-இல் அமெரிக்க அனுமதி பெற்ற மெகல்லன் என்ற கருவியின் கதையும் இதற்கு ஒப்பானது. 2016-இல் அந்நிறுவனமே வேறொரு கைக்கு மாறிவிட்டது. ஸ்டென்டைச் செய்யும் நிறுவனம் விலகினால் வேறு நிறுவனத்தின் ஸ்டென்டை வாங்கலாம். ரோபோவுக்குரிய பெட்டியைச் செய்யும் நிறுவனம் விலகினால், மற்றெதுவும் அதில் பொருந்தாது. கோடிக்கணக்கில் வாங்கிய எந்திரம் மூலையில் ஒதுங்கிவிடும். விலையைப் பற்றி வாதாடும் கொள்முதல் குழுக்கள் இதைப் பற்றிப் பொதுவாகக் குறைவாகவே கேட்கின்றன.

நாட்டிலேயே செய்தல்

மருத்துவக் கருவிகளில் இறக்குமதியை நம்பியிருக்கும் நிலையை மாற்றும் நோக்கில் 2020-இல் 3,420 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தேசிய மருத்துவக் கருவிக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அறுவைச் சிகிச்சை ரோபோவை நம் நாட்டிலேயே செய்ய இயலும் என்பதை எஸ்.எஸ்.ஐ. மந்திரா என்ற கருவி காட்டியுள்ளது. 2025 ஜனவரியில் குருகிராமிலிருந்து 286 கி.மீ. தொலைவிலுள்ள ஜெய்ப்பூர் நோயாளிக்கு அதன் துணையால் இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் அது மார்புக்குள் கத்தியும் கத்தரியும் இயக்கும் எந்திரம்; தமனிக்குள் கம்பி செலுத்தும் எந்திரம் அன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதிச் செய்தித்தாள்கள் எழுதுவது அதிகாரிகளையும் குழப்பியுள்ளது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான செயற்கை இருதய வால்வின் வரலாறு இங்கே பயன்படும். அம்முயற்சியில் முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது வடிவம் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இடையில் கழிந்த ஆண்டுகள் பத்துக்கும் மேல். மருத்துவரும் பொறியாளரும் ஒரே வளாகத்தில் பணிபுரிந்ததும், தோல்விக்குப் பின்னும் நிதி நிறுத்தப்படாததும் அதற்கு உதவின. இன்று மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று வரையறுத்து ஒதுக்கப்படும் ஆராய்ச்சி நிதி அத்தகைய மூன்று தோல்விகளைத் தாங்குமா என்பது ஐயத்திற்குரியது.

அதுவரை வெளிநாட்டுக் கருவியை வாங்க நேரும் பொது மருத்துவமனைகள், ஒப்பந்தத்திலேயே சிலவற்றை எழுதிக்கொள்வது இயலும். கருவியின் முழு ஆயுளுக்கும் பெட்டிகளை வழங்கும் உறுதி, நிறுவனம் விலகினால் எந்திரத்தைத் திரும்பப் பெற்று மீதி ஆயுளுக்கு ஈடாகப் பணம் தரும் விதி, எத்தனை சிகிச்சைகளில் கைமுறைக்கு மாற நேர்ந்தது என்ற பதிவு ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றுடன் கதீட்டர்க் கூடத்தில் பணிபுரியும் செவிலியர், தொழில்நுட்ப உதவியாளர் ஆகியோரின் டி.எல்.டி. அளவீடுகளைக் கருவி வருமுன் ஓராண்டுக்கும் வந்தபின் ஓராண்டுக்கும் அருகருகே வைத்துக் கோப்பில் சேர்க்கலாம். அந்த அளவீடுகள் வழக்கமாக வந்துகொண்டிருப்பவையே. அவற்றைச் சேர்ப்பதற்குத் தனிச் செலவு ஏதும் இல்லை.